கண்டெடுத்த பிள்ளையை யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நெல்லை மாவட்டப் பக்கத்தில் ஆண்டுக்குச் சில தடவையாவது ஒரே மாதிரிச் செய்தி வந்துவிடுகிறது. உடைமரக்காட்டுக்குள்ளே, வாய்க்கால் கரையில், பஸ் ஸ்டாண்டு கழிப்பறை ஓரத்தில் பச்சைப்பிள்ளை. ஆடு பத்திப் போன ஆச்சி அழுகைச் சத்தம் கேட்டுச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்தார், 108 வந்தது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தியின் கடைசி வரி மட்டும் மாறுவதே இல்லை: "குழந்தையைத் தத்தெடுக்கப் பலர் ஆர்வத்துடன் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டனர்." அதற்குப் பிறகு ஒருநாள், உள்பக்க மூலையில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு விளம்பரம் வரும். குழந்தையின் படம், கிடைத்த இடம், தேதி, உரிமை உள்ளவர்கள் இன்ன நாளுக்குள் வரவும் என்று ஒரு வாசகம். முதல் செய்தியை ஊரே படிக்கிறது. விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு குடும்பம் கிடைப்பதா இல்லையா என்பது அந்த விளம்பரத்திலிருந்துதான் நகரத் தொடங்குகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம்.

பிள்ளையைக் கண்டவர் செய்ய வேண்டிய முதல் காரியம் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுவது. போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாலும் சரி, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொன்னாலும் சரி. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளை குழந்தைகள் நலக்குழுவின் முன் வந்தாக வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. பிள்ளை இரண்டு வயதுக்கு உட்பட்டு, ஆஸ்பத்திரியை விட்டு நகர்த்த முடியாத நிலையில் இருந்தால், படத்தோடு எழுத்து மூலமான அறிக்கை அதே 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குப் போகும். உடம்பு தேறிய பிறகு நேரில் கொண்டுபோவார்கள். யாரிடமும் சொல்லாமல் "நம்ம வீட்டிலேயே வளரட்டும்" என்று வைத்துக்கொள்வது, எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும், இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் போய்க் கேட்கிறவர்கள் கேட்கிற இடமே தவறு. டாக்டருக்கோ நர்சுக்கோ இன்ஸ்பெக்டருக்கோ அந்தப் பிள்ளையை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டரிடமே மனு கொடுத்தாலும் அந்தக் கட்டத்தில் அவரும் கொடுக்க முடியாது. அவர் வருவது கடைசிப் படியில்.

நடுவில் என்ன நடக்கிறது? குழு பிள்ளையை, தத்துப் போகும்வரை பிள்ளைகளை வளர்க்கிற சிறப்பு தத்து மையத்தில் வைக்கிறது. போலீசார் பெற்றோரைத் தேடுகிறார்கள். காணாமல் போன குழந்தைகளுக்கான இணையப் பதிவில் விவரம் ஏறுகிறது. நாளிதழில் மேலே சொன்ன விளம்பரம் வருகிறது. யாரோ திருடிக்கொண்டு வந்து போட்ட பிள்ளையாக இருந்தால்? பிரசவித்த பெண்ணுக்குத் தெரியாமல் வீட்டார் கொண்டுபோய்ப் போட்டதாக இருந்தால்? அந்தத் தாய் தேடி வருவதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால், இரண்டு வயது வரையுள்ள பிள்ளையை இரண்டு மாதத்துக்குள்ளும் அதற்கு மேற்பட்ட பிள்ளையை நான்கு மாதத்துக்குள்ளும் "தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை" என்று குழு அறிவிக்க வேண்டும். குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. போலீஸ் அறிக்கை தாமதமாவது, குழுவில் இடம் காலியாகக் கிடப்பது, விளம்பரம் தள்ளிப்போவது என்று ஏதாவது ஒன்று இழுத்தால் பிள்ளை மையத்திலேயே மாதக்கணக்கில் வளர்கிறது. கைக்குழந்தைக்கு ஆறு மாதம் என்பது அதன் வாழ்நாளில் பாதி. இந்தத் தாமதத்தைக் கேள்வி கேட்கிற செய்திகளைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம்.

புதருக்குப் போகாமலே இருந்திருக்கக்கூடிய பிள்ளைகளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வளர்க்க முடியாத தாய், பெற்ற பிள்ளையைச் சட்டப்படி ஒப்படைக்கலாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. குழுவின் முன் போய், உடல்நிலையோ மனநிலையோ குடும்ப நிலையோ தன் கையை மீறிப்போனதைச் சொல்ல வேண்டும். குழு விசாரித்து, ஆலோசனை சொல்லி, அதற்கும் பிறகு அவர் உறுதியாக இருந்தால் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். கல்யாணமான தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று வேண்டும். கல்யாணமாகாத தாய் தனியாகவே ஒப்படைக்கலாம். அவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் கூட வந்த பெரியவர் சாட்சியாகக் கையெழுத்திடுவார். கையெழுத்திட்ட நாளிலிருந்து இரண்டு மாதம், மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவர் பெயரும் ஊரும் வெளியே போகாது.

இதற்காகப் போலீஸ் கேஸ் வருமா என்ற பயத்தில்தான் பாதிப் பேர் இருட்டில் உடைமரக்காட்டுக்குப் போகிறார்கள். ஒப்படைக்கப்பட்ட, கைவிடப்பட்ட குழந்தை பற்றிய விசாரணையில் பெற்றவர் மீது எஃப்.ஐ.ஆர். பதியக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு சொல்கிறது. கைமீறிய சூழ்நிலையால் பிள்ளையை விட்டுச் சென்றது தெரியவந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் 75-ஆம் பிரிவில் சொல்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய மாநிலம் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் "தொட்டிலில் போட்டால் பிடித்துக்கொள்வார்கள்" என்ற பேச்சு கிராமத்தில் ஓயவில்லை. "கல்நெஞ்சத் தாய்" என்று தலைப்பு போடும்போது அந்தப் பயத்துக்குப் பத்திரிகையும் எண்ணெய் ஊற்றுகிறது. அடுத்த பெண் அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வராத பிள்ளைகள் கைமாறுகிற வழி ஒன்று இருக்கிறது. முத்திரைத்தாள். "எனக்கு நான்காவதாகப் பிறந்த பெண் குழந்தையை என் வறுமை காரணமாக என் மனப்பூர்வமான சம்மதத்துடன் தங்களுக்குத் தத்துக் கொடுக்கிறேன், இன்று முதல் எனக்கும் என் வாரிசுகளுக்கும் குழந்தையின் பேரில் எவ்வித பாத்தியதையும் கிடையாது" என்று நிலக்கிரயம் மாதிரியே வாசகம். கீழே தாயின் கைரேகை, இரண்டு சாட்சி, நோட்டரி முத்திரை, சிவப்பு மை. பார்க்கப் பத்திரம் மாதிரித்தான் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அது வெறும் தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பிறப்புச் சான்றில் அப்பா அம்மா பெயரை மாற்ற முடியாது. அதனால்தான் இன்னொரு வேலையையும் செய்கிறார்கள்: பிரசவத்துக்குச் சேர்க்கும்போதே, வாங்கப்போகிறவளின் பெயரில் பெற்றவளை அட்மிஷன் போடுவது. பிறப்புப் பதிவு பொய்யாகிறது. தாயின் ரத்த வகை முதல் எல்லாமே பொய்யாகிறது. என்றைக்கோ ஒருநாள் தரகருக்கும் வாங்கியவருக்கும் பணத்தில் தகராறு வரும், அல்லது பெற்றவள் மனம் பொறுக்காமல் வாசலில் வந்து நிற்பாள். அப்போது பிள்ளைக்கு மூன்று வயதோ நான்கு வயதோ ஆகியிருக்கும். வளர்த்தவர்களை "அம்மா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையைக் குழு உத்தரவின்பேரில் மையத்துக்கு அழைத்துப் போகிற காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் முத்திரைத்தாள் யோசனையை யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

தண்டனையும் லேசானதல்ல. முறைப்படி அல்லாமல் அநாதைக் குழந்தையையோ கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தையையோ கொடுத்தாலும் வாங்கினாலும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறி விற்பனை என்று ஆகிவிட்டால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். ஆஸ்பத்திரிக்காரர்கள் உட்படக் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருந்தவர்களே விற்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை.

"எங்க சொந்தத்துக்குள்ளதானே கொடுக்கோம், அதுக்கும் கேஸா?" என்று கேட்பார்கள். அது வேறு. அண்ணன் பிள்ளையைப் பிள்ளையில்லாத தங்கச்சி எடுத்து வளர்ப்பது நம் பக்கத்தில் காலங்காலமாக உள்ளது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு இந்து சுவீகாரம் மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அது பொருந்தும். பெற்றவர் ஒருவர் மற்றவரின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும். உண்மையிலேயே கொடுத்து வாங்குதல் நடந்திருக்க வேண்டும். தத்த ஹோமம் என்ற சடங்கு கட்டாயமில்லை. பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. வீட்டில் ஏற்கனவே பெண் பிள்ளை இருந்தால் பெண்ணையும், ஆண் பிள்ளையோ மகன்வழிப் பேரனோ இருந்தால் ஆணையும் எடுக்க முடியாது. ஆண் பெண்ணையும் பெண் ஆணையும் தத்தெடுத்தால் வயது வித்தியாசம் 21 இருக்க வேண்டும். கொடுப்பவரும் எடுப்பவரும் கையெழுத்திட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பத்திரம் இருந்தால், தத்து சரியாக நடந்ததென்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மறுக்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பணம் வாங்கினால் அதுவும் குற்றம். இந்த வழி, பெற்றவர் யாரென்று தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே. உடைமரக்காட்டில் கிடைத்த பிள்ளையை ரிஜிஸ்டர் ஆபீசில் பதிய முடியாது.

மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் அடிக்கடி கேட்கப்படுவது: "முஸ்லிம், கிறிஸ்தவர் தத்தெடுக்கலாமா?" எடுக்கலாம். முன்பு 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி கார்டியன் ஆகத்தான் முடிந்தது. பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவு முடிந்துவிடும், சொத்துரிமையும் வராது. இளைஞர் நீதிச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. விரும்புகிறவர்கள் பயன்படுத்தலாம், தங்கள் மத வழக்கப்படி இருக்க விரும்புகிறவர்களை இது கட்டாயப்படுத்தாது. இந்தச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளைக்குச் சமம், வாரிசுரிமை உட்பட.

இதே சட்டத்தில் உறவினர் தத்தும் உண்டு. ஆனால் "உறவினர்" என்று அது சொல்வது சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவ்வளவுதான். மதினியின் தங்கச்சி பிள்ளை நமக்கு எவ்வளவு நெருக்கமானாலும் அந்தப் பட்டியலில் வராது. ஐந்து வயது நிறைந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க: ஊரில் பத்திரம் பதிந்து தத்தெடுத்தாலும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துப்போக மத்திய தத்துவள ஆணையமான காராவின் தடையில்லாச் சான்று தேவை. டிக்கெட் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

இனி, முன்பின் தெரியாத பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு. வாசல் ஒன்றே ஒன்றுதான்: காராவின் இணையப் பதிவு. தம்பதிக்குக் கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிலையான இல்வாழ்க்கை இருக்க வேண்டும். தனியாக வாழும் பெண் எந்தப் பிள்ளையையும் எடுக்கலாம். தனி ஆண் பெண் பிள்ளையை எடுக்க முடியாது. இரண்டு பிள்ளைகள் ஏற்கனவே உள்ளவர்களுக்குச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும், எளிதில் இடம் கிடைக்காத பிள்ளைகளுமே தரப்படுவர். பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் பிள்ளைக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும்.

வயதுக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குக் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-க்குள் வர வேண்டும், தனி ஆள் என்றால் 40. இரண்டுக்கு மேல் நான்கு வரை 90, தனி ஆளுக்கு 45. நான்குக்கு மேல் எட்டு வரை 100, 50. எட்டுக்கு மேல் பதினெட்டு வரை 110, 55. கணவனுக்கு 46, மனைவிக்கு 40 என்றால் கூட்டினால் 86. கைக்குழந்தை வாய்ப்பு ஒரே ஒரு வயதில் போய்விட்டது. இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைக்கு அவர்கள் தாராளமாகப் பதியலாம். நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கருத்தரிப்பு மையங்களில் அலைந்து, நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகுதான் தத்து நினைவுக்கு வருகிறது. கணக்கில் வருவது பதிவு செய்த தேதியின் வயது. சிகிச்சை நடக்கும்போதே யோசித்து, மனம் ஒத்தால் பதிந்துவிடுவது நல்லது.

பதிந்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும்: பான் அட்டை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, தொற்றுநோயோ தீராத நோயோ இல்லை என்ற மருத்துவச் சான்று, குடும்பப் படம், இருவரின் பரிந்துரைக் கடிதம். நம்மவர்களுக்கு இதில் வருகிற சிக்கல் இனிஷியல். ஆதாரில் "சு. முருகன்", பான் அட்டையில் "முருகன் சுடலைமுத்து", கல்யாணப் பதிவில் "எஸ். முருகன்". மனைவி பெயரில் ஒன்றில் அப்பா, மற்றொன்றில் கணவர். பதிவதற்கு முன்னாலேயே இவற்றை ஒரே மாதிரி திருத்திக்கொண்டால் அலைச்சல் மிச்சம். கோயிலிலோ சர்ச்சிலோ நடந்த கல்யாணத்தை அரசில் பதியாமல் விட்டிருந்தால் அதையும் முதலில் முடித்துவிட வேண்டும்.

இதைவிடச் சின்னதாகத் தெரிகிற ஒரு தவறு வருஷங்களைத் தின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பதிகிறவர்கள் சென்டர்காரரின் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வருஷம் கழித்துப் பிள்ளையின் விவரம் வரும்போது அந்த சென்டரே இருக்காது. விவரம் வந்த 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது ஒரு வாய்ப்பாகக் கழிந்துபோகும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் ஓராண்டு காத்திருந்துதான் திரும்பப் பதிய முடியும். சொந்த மின்னஞ்சல், மாறாத போன் நம்பர், கடவுச்சொல் எழுதிய ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

ஆவணம் கொடுத்த 60 நாளுக்குள் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்ய வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்து, பக்கத்து வீட்டிலிருந்து சோபா வாங்கிப் போட்டு வைப்பவர்கள் உண்டு. அவர் பார்க்க வருவது அதையல்ல. பிள்ளை எங்கே தூங்கும், இருவரும் பீடிக்கடைக்கோ வேலைக்கோ போனால் யார் பார்ப்பார்கள், கடன் எவ்வளவு, மாமியாருக்கும் கொழுந்தனாருக்கும் இதில் சம்மதமா என்றெல்லாம் கேட்பார். திண்ணையில் இருக்கிற ஆச்சியிடமும் தனியாகப் பேசுவார். "எந்தச் சாதிப் பிள்ளையோ" என்று அந்த ஆச்சி முணுமுணுத்தால், அதை ஆய்வு நாளுக்கு முன்பே வீட்டுக்குள் பேசித் தீர்க்கவில்லை என்றுதான் அர்த்தம். பிள்ளை வந்த பிறகு அதே சொல் அதன் காதில் விழும். இந்த அறிக்கை மூன்று ஆண்டு செல்லும். காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பு நீளம் என்பது உண்மை. ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. நாடு முழுவதும் 2024-25-இல் நடந்த தத்துகள் 4,515. அதற்கு முந்திய பத்தாண்டில் இவ்வளவு இருந்ததில்லை. அப்படியிருந்தும் பதிந்து காத்திருக்கிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. இந்த வரிசையை முந்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அவர் தரகர்தான். கட்டணம் காராவின் தத்து ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது: வீட்டு ஆய்வுக்கு 6,000 ரூபாய், பிள்ளையைப் பெறும்போது பராமரிப்பு நிதிக்கு 50,000, பின்தொடர் வருகை ஒவ்வொன்றுக்கும் 2,000. அதற்கு மேல் நன்கொடை என்று கேட்டால் மாநில தத்துவள மையத்துக்கு எழுதலாம்.

விவரம் வந்ததும் பிள்ளையின் மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டலாம், அதற்கு உரிமை உண்டு. எடை, தலைச் சுற்றளவு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, தைராய்டு, காது கேட்கும் திறனுக்கான சோதனை இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்து எடை குறைந்த பிள்ளையைப் பார்த்துப் பயந்து மறுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பால் குடித்துத் தேறிவிடும் பிள்ளை. பொருத்தம் பார்த்துச் சம்மதித்தபின், கலெக்டர் உத்தரவு வரும்வரை வளர்ப்புப் பொறுப்பாகப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரலாம்.

அந்த நாளில் மையத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. தடுப்பூசி அட்டை. எந்தப் பால் பவுடர், எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு. தூளியிலா கட்டிலிலா தூங்கிப் பழக்கம். எந்த ஆயா தூக்கினால் அழுகையை நிறுத்தும், அவர் என்ன சொல்லித் தட்டுவார். பிள்ளை படுத்திருந்த பழைய துணி ஒன்று, துவைக்காமல். புதுச் சட்டை, புது வாசம், புது முகம் எல்லாம் ஒரே நாளில் வந்தால் பிள்ளை மிரண்டுபோகும். அந்தப் பழைய துணியின் வாசத்தில்தான் முதல் இரண்டு மூன்று ராத்திரி தூங்கும். பார்க்க வருகிற உறவுக்கூட்டத்தையும் ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவு நீதிமன்றத்திலிருந்து கலெக்டருக்கு வந்துவிட்டது. மையம் மனுப்போடும், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு சரிபார்த்து அனுப்பும், இரண்டு மாதத்துக்குள் உத்தரவு வர வேண்டும். விசாரணை தனி அறையில் நடக்கும். உத்தரவை வைத்துத்தான் தத்தெடுத்தவர் பெயரோடு பிறப்புச் சான்று வாங்க வேண்டும். மாநகராட்சியில் தத்துப் பத்திரம் எங்கே என்று கேட்டு இழுத்தடித்தால், இந்தச் சட்டத்தில் தனிப் பத்திரம் தேவையில்லை, கலெக்டர் உத்தரவே போதும் என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்துபோவார். குறை கண்டுபிடிக்க வருகிறவராக அவரை நினைக்க வேண்டாம். ஐந்து வயதுக்கு மேல் வந்த பிள்ளைகள் முதல் சில மாதம் சோற்றை ஒளித்துவைப்பது, பொய் சொல்வது, "என்னைத் திரும்ப அனுப்பிருவீங்களா" என்று கேட்பது எல்லாம் சகஜம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்ட வீடுகளில்தான் தத்து முறிகிறது.

எடுத்து வளர்ப்பதைப் பிள்ளையிடம் மறைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நம் ஊரில் எந்த ரகசியமும் கல்யாண வீட்டுப் பந்தியைத் தாண்டி நிற்பதில்லை. யாரோ ஒரு அத்தை சண்டையில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இரண்டு மூன்று வயதிலேயே கதையாகச் சொல்லத் தொடங்கினால், விவரம் தெரியும்போது அது பிள்ளைக்குப் பழைய செய்தி. பதினெட்டு வயதானபின் தன் வேரைத் தேடவும் ஒழுங்குமுறைகளில் வழி உண்டு. பெற்ற தாயின் அந்தரங்கம் அதில் காக்கப்படும்.

இவ்வளவும் பச்சைப்பிள்ளைகளைப் பற்றி. நம் பகுதிக்குக் குழந்தைகள் இல்லங்கள் புதிதல்ல. களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கியது 1901-இல். ஆனால் இன்று இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர். அப்பா இறந்து அம்மா பீடி சுற்றுகிறார், அல்லது அம்மா போய் அப்பா குடிக்கிறார், ஆச்சியால் முடியவில்லை. இவர்களுக்குத் தத்து வழியல்ல. தாயைப் பிரிக்காமல் வீட்டிலேயே வளர உதவி உண்டு: மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், கடும் நோயாளிகள், தாய் தகப்பன் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கம் பீடிக்கடை வாசலில் இந்தத் தகவல் ஒட்டப்பட்டிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் இல்லத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்ப முடியாத, ஆனால் தத்துக்கும் போக முடியாத பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு உண்டு. குழந்தைகள் நலக்குழு உத்தரவின்பேரில் ஒரு குடும்பம் பிள்ளையைத் தன் வீட்டில் வளர்க்கும். பிள்ளையின் பெயரோ இனிஷியலோ மாறாது, பெற்றவர் வந்து பார்க்கலாம், சொத்துரிமை இல்லை. இதற்கும் மாதம் 4,000. 2024 வழிகாட்டுதலின்படி 35 முதல் 60 வயதுக்குள் உள்ள தனி நபர்களும் முன்வரலாம். பொதுவாக ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். சட்டப்படி தத்துக்குத் தடையில்லாத பிள்ளை இரண்டு ஆண்டு அந்த வீட்டில் நிறைவாக வளர்ந்தால் அதே குடும்பம் தத்தெடுக்கவும் வழி இருக்கிறது. பதிவு வரிசையில் கைக்குழந்தைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் எட்டு வயதுப் பிள்ளையை ஒருதடவை நினைத்துப் பார்க்க வேண்டும். அது மூன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குக் கையெழுத்துப்போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கண்டெடுத்த பிள்ளையின் முகத்தையும், தாய் என்று சந்தேகிக்கப்படுகிறவரின் ஊர், தெரு, படிக்கும் கல்லூரியையும் செய்தியில் போட வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு பிள்ளையின் அடையாளம் வெளியே தெரிவதைத் தடுக்கிறது. "தத்தெடுக்கப் பலர் ஆர்வம்" என்ற வரிக்குப் பதில் 1098 என்ற எண்ணையும், தத்துக்குக் காராவில் பதிய வேண்டும் என்பதையும் போடுங்கள். குழந்தைகள் நலக்குழு சார்பில் வருகிற அந்தச் சின்ன விளம்பரத்தை மாநிலப் பக்கத்தின் மூலையில் போடாமல் நெல்லை, தென்காசி மாவட்டப் பக்கத்தில், வயசானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் போட முடியுமா? அந்தப் பிள்ளையை அடையாளம் தெரிந்தவர் பெரும்பாலும் அடுத்த ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பணியில் உள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை.